தல விருட்சம் வயர்லெஸ்-டெஸ்டிங்

தலபுராணம் என்றால் ஓர் அசுரன் வேண்டும், ஒரு தல விருட்சம் வேண்டும். லினக்ஸ் வைஃபை புராணத்தில் அசுரன் பிராட்காம். சிப்பை விற்பார்கள், அதை எப்படி இயக்குவது என்று லினக்ஸ்காரன் கேட்டால் மட்டும் காது அடைத்துக்கொள்ளும்.

2005 வாக்கில் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்கள் பலருக்கு இருந்த பரிகாரம் என்டிஸ்ராப்பர். விண்டோஸ் டிரைவரைத் தூக்கிவந்து, “பயப்படாதே, நீ பிறந்த வீட்டில்தான் இருக்கிறாய்” என்று நம்பவைத்து வேலை வாங்கும் வித்தை. நம்பாத நாளில் மொத்த மெஷினும் படுத்துவிடும்.

ரோஷக்காரர்கள் சிலர் வேறு வழியில் போனார்கள். ஒரு கோஷ்டி பிராட்காம் டிரைவரைப் பிரித்து மேய்ந்து, இந்த ரெஜிஸ்டரில் இந்த எண்ணை எழுது, இவ்வளவு நேரம் காத்திரு என்று குறிப்பு எழுதும். இன்னொரு கோஷ்டி மூலத்தை ஏறெடுத்தும் பாராமல் குறிப்பை மட்டும் வைத்து நிரல் எழுதும். காப்பியடித்தாய் என்று நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரக்கூடாதே! பக்கத்து வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்காமல், அங்கே சாப்பிட்டவர் சொல்லக் கேட்டே அதே சாம்பாரை வைக்கிற வேலை. சாம்பார் கொதித்தது. 2006-ல் கெர்னல் 2.6.17-க்குள் அந்த டிரைவர் நுழைந்தது.

அதோடு விட்டதா? சிப்புக்குள் ஏற்றும் ஃபர்ம்வேரை வினியோகிக்க யாருக்கும் உரிமை இல்லை. அவரவரே விண்டோஸ் டிரைவரை இறக்கி, எஃப்டபிள்யூகட்டர் என்ற கத்தியால் நறுக்கிக்கொள்ள வேண்டும். இறக்குவதற்கு நெட் வேண்டும். ஆக, வயரில்லா வாழ்வின் முதல் படி, பரணில் ஏறி வயரை எடுப்பது.

இதற்குள் ஆளாளுக்குப் பேட்ச் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் ஒட்டிச் சோதிக்க நட்ட கிட் மரம்தான் வயர்லெஸ்-டெஸ்டிங். அப்போதைய தோட்டக்காரர் ஜான் லின்வில். அவருக்கு ரெட் ஹேட்டில் சம்பளம். தண்ணீர் ஊற்றியவர்களில் பலருக்கு அதுவும் கிடையாது. லினக்ஸின் கர்த்தா லினஸ் புது ஆர்சி, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு விட்டால், அவ்வப்போது மரத்தை வேரோடு பிடுங்கிப் புது மண்ணில் நடுவார். ரீபேஸ் என்று அதற்குப் பெயர். நேற்று கிளையில் ஊஞ்சல் கட்டியவன் இன்று அந்தரத்தில் தொங்குவான். அப்பாவி கிட் புல் அடித்து, திரை நிறைய கான்ஃப்ளிக்ட் பார்த்து விழிப்பான். விவரமானவன் ஃபெட்ச் அடித்து, ரீசெட் ஹார்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். லின்வில் செய்த ஒரு புண்ணியம், மரத்தில் தேதி போட்டு டேக் கட்டியது. எந்தத் தேதி வரை வைஃபை உயிரோடு இருந்தது என்று துப்பறிய அந்தச் சீட்டுதான் தடயம். என்னைக் கேட்டால், மரத்தைவிடச் சீட்டுக்குத்தான் மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும்.

2010 செப்டம்பரில் அசுரனே மனம் மாறி, திறந்த டிரைவரோடு வாசலில் வந்து நின்றான். யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. ஸ்டேஜிங் என்ற திண்ணையில் உட்காரவைத்து, முதலில் கைகால் கழுவு என்றார்கள். உள்ளே விட்டது கெர்னல் 3.2-ல்தான். அதுவும் புது சிப்புகளுக்கான டிரைவர். பழையவற்றுக்கு அதே கேள்விஞானச் சாம்பார்.

அந்தப் பழைய சிப்புகளைப் பல்லாண்டு கட்டிக் காத்தவர்களில் ஒருவர் லாரி ஃபிங்கர். பணி ஓய்வுக்குப் பிறகு இதில் இறங்கிய கனிம ஆராய்ச்சியாளர், 2024-ல் காலமானார். எல் சால்வடாரின் இசால்கோ எரிமலையில் கிடைக்கும் ஃபிங்கரைட் என்ற கனிமத்துக்கு அவர் பெயர்தான்.