கோள் சொல்பவர்

எங்கள் தாராபுரத்தில் அண்ணாந்து பார்ப்பவர்கள் இரண்டு ரகம். மேகம் வந்துவிட்டதா என்று பார்ப்பவர்கள் ஒரு ரகம். மேகம் தொலைந்ததா என்று பார்ப்பவர் இன்னொரு ரகம். முதல் ரகத்தில் ஊரே அடக்கம். இரண்டாவதில் ஒரே ஒருவர்தான். அவர் எனக்குப் பங்காளி வகையில் அண்ணன் என்பதால், அவருக்கு விழும் வசவில் எனக்கும் ஒரு பாகம் உண்டு.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பிவைக்கும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டுவிடும். காற்றாடிக்காரர்கள் மின்சாரம் எடுப்பார்கள். மற்றவர்கள் ஆயிரம் அடிக்குப் போர் போட்டுப் புழுதி எடுப்பார்கள். இப்பேர்ப்பட்ட பூமியில், பேக்கரி வாசலில் பத்துப் பேர் கூடியிருக்கும்போது, “வானம் தொடச்சு வெச்சாப்பல இருக்குதுங்க, இன்னிக்கு நெம்ப அருமை” என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? டீயைப் பாதியில் வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். பங்காளி என்ற பாவத்துக்கு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். டீக்காசும் நான்தான் கொடுத்தேன்.

ஊரில் கோள் சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. இவர் சொல்வது மட்டும்தான் மெய்யான கோள். வெள்ளி எங்கே இருக்கிறது, வியாழன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று கேட்காமலேயே சொல்வார்.

இந்த நோய் அவரைத் தொற்றிய தேதி 2019 டிசம்பர் 26. அன்று காலை ஒன்பதரை வாக்கில் கங்கண சூரிய கிரகணம் கோயமுத்தூர், திருப்பூர், கரூர், திண்டுக்கல் என்று எங்கள் தலைக்கு மேலாகவே போனது. பாதி ஊர் தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. அண்ணார் தன் பைப் கடையைத் திறப்பதா வேண்டாமா என்ற யோசனையில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். குனிந்து பார்த்தால் தரையெல்லாம் மோதிரம். இலையிடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாக வேலைசெய்து, துளைக்கு ஒன்றாக வளையச் சூரியனைக் கீழே இறக்கியிருந்தது. மூன்று நிமிஷம்போல இருந்துவிட்டு மோதிரமெல்லாம் பிறையாகிப் போய்விட்டன. “அள்ளறதுக்குள்ள போயிருச்சு தம்பி” என்று இன்றைக்கும் சொல்வார். பக்கத்துக் கடை நகை அடகுக் கடை. அவருக்கு வேறெப்படி உவமை வரும்?

நோய் முற்றியது 2025 ஜனவரியில். சாயங்கால வானத்தில் வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நான்கும் ஒரே நேரத்தில் தெரிய, ‘கோள்களின் அணிவகுப்பு’ என்று வாட்ஸப் முழுக்க ஒரே ஆரவாரம். நான்காம் நாள் பார்சல் வந்து இறங்கியது. பெட்டிமேல் வளையத்தோடு சனியின் வண்ணப்படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் ‘525 மடங்கு’.

இந்த 525-ஐப் பற்றி நான் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் புதிதாக டெலஸ்கோப் வாங்குகிறவர்கள் எல்லோரும் விழுகிற கிணறு இது. கணக்கில் பொய் கிடையாது. குழாயின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். கூட வந்த 4 மில்லிமீட்டர் கண்வில்லையால் வகுத்தால் 175. நடுவில் மூன்று மடங்கு வில்லை ஒன்றைச் சொருகினால் 525. ஆனால் முன்கண்ணாடியின் அகலம் 70 மில்லிமீட்டர்தான். அது வாங்குகிற வெளிச்சத்துக்கு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு, ஆக 140-க்கு மேல் போனால் பெருகுவது படமல்ல, கலங்கல். ஒரு சொம்பு மோரில் ஒரு அண்டாத் தண்ணீர் ஊற்றினால் ஐந்நூறு பேருக்குப் பந்தி வைக்கலாம். குடித்தவர் யாரும் அதை மோர் என்று சொல்லமாட்டார்.

முதல் ராத்திரி அண்ணார் செவ்வாயைப் பிடித்துவிட்டார். சிவப்பாக, அசையாமல், கச்சிதமாக நின்றது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டம்மாவைக் கூப்பிட்டார். அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைக்கப் போக, ஒரு சிறு போர் மூண்டு அடங்கியது. பிறகு குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏனுங், செவ்வாய்க்கு மூணு றெக்கை இருக்குதுங்களா?”

மூலனூர்ப் பக்கத்துக் காற்றாடியின் உச்சி விளக்கு அது.

சனிதான் அண்ணாரின் லட்சியம். பெட்டிமேல் இருந்த படமும் அதுதான். ஆனால் சனி விஷயத்தில் இரண்டு இடைஞ்சல். முதல் இடைஞ்சல் ஊர். கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிற ஜனம், குழாய் வைத்து அவர் முகத்தைப் பார்க்க வருமா? “நாம சனியப் பாக்கறதா, சனி நம்மளப் பாக்கறதா, அத மொதல்ல சொல்லுங்க” என்று எதிர்வீட்டு மாமா கேட்டார். ஏழரைச் சனி நடக்கிற வீட்டுக்காரர்கள் அந்த மொட்டைமாடிப் பக்கமே தலைவைக்கவில்லை.

இரண்டாவது இடைஞ்சல் சனியே. ஏறக்குறைய பதினைந்து வருஷத்துக்கு ஒரு தரம் அதன் வளையம் விளிம்பு தெரிய நமக்கு நேராகத் திரும்பிவிடும். தோசையைத் தட்டோடு கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பதுபோல, அப்போது தெரிவது ஒரு கோடு மட்டும்தான். முந்தின தடவை இது நடந்தது 2009-ல், நாங்கள் ஈரோடு மாவட்டத்தைக் கழற்றித் திருப்பூர் மாவட்டத்தை மாட்டிக்கொண்ட வருஷம். அடுத்தது 2025 மார்ச் 23. அண்ணார் ஆசை ஆசையாகக் குழாய் வாங்கிய வருஷம் பார்த்து, சனி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டது. அந்த வருஷம் முழுக்கத் தெரிந்தது எலுமிச்சம்பழத்தில் குண்டூசி குத்தியதுபோல ஒரு உருண்டையும் ஒரு கீற்றும்.

“படத்துல இருக்கற மோதரம் எங்கீங்க?” என்றார் எதிர்வீட்டு மாமா. அவரும் ஒரு நாள் துணிந்து வந்திருந்தார்.

“அது இப்ப தெரியாதுங்க மாமா. நல்லா விரியறதுக்கு 2032 ஆயிரும்.”

“அடகுல இருக்குதாட்ட. வட்டி கட்டி மீக்கோணுமல்ல.”

அண்ணாரின் மானத்தைக் காப்பாற்ற நான் ஒன்று சொன்னேன். இதே சங்கடம் கலிலியோவுக்கும் வந்தது. 1610-ல் சனிக்கு இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டவர், 1612-ல் பார்த்தால் இரண்டையும் காணோம். சனி தன் பிள்ளைகளைத் தின்றுவிட்டதா என்று அந்த மனுஷரே திகைத்துப்போனார். இதைக் கேட்டதும் அண்ணார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து, “எனக்கும் கலிலியோவுக்கும் ஒரே பிரச்சனை தம்பி” என்பது அவர் பேச்சில் சேர்ந்துகொண்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இந்த ரகத்து ஆட்களுக்கு ஒரு தனிப்பட்ட வேதனை உண்டு. தான் கண்டது அடுத்தவர் கண்ணுக்குள் போக வேண்டும். ஆனால் பூமி அதற்கு நிற்பதில்லை. 175 மடங்கில் ஒரு கோள் வட்டத்துக்குள் ஒரு நிமிஷம்தான் தங்கும். அண்ணார் குனிந்து, திருகி, மூச்சைப் பிடித்து, “ஆங், வந்துருச்சு, வாங்க வாங்க” என்பார். வருகிறவர் செருப்பைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எந்தக் கண்ணை மூடுவது என்று விசாரித்துக் குனிவதற்குள் வியாழன் கரூர் ரோட்டைத் தாண்டியிருக்கும். “கருப்பாத் தெரியுதுங்க” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு நகர்வார்கள். சிலர் “ஆமாங்க, நெம்ப நல்லா இருக்குதுங்க” என்பார்கள். மூடியைக் கழற்றவில்லை என்பது பிறகு தெரியவரும்.

இதற்கு மருந்தாக, பூமிக்கு எதிராகத் திரும்பும் தாங்கி ஒன்று வாங்கினார். அதன் அச்சை வடக்கே துருவ நட்சத்திரத்துக்கு நேரே சாய்த்து வைக்க வேண்டும். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எத்தனை பாகை உயரத்தில் நிற்கும் என்றால், அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. லண்டனில் 51 பாகை. தாராபுரத்தில் பத்தே முக்கால். அதாவது தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே. குளிர்தேசத்துக்காரர்களை மனதில் வைத்துச் செய்த தாங்கியை அந்த அளவுக்குச் சாய்த்தால், எடைக்கல் போய் முக்காலியின் காலில் இடித்துக்கொண்டு நிற்கிறது. அதையும் சமாளித்து நிமிர்ந்து பார்த்தால், துருவ நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. தொட்டியை நாலடி கிழக்கே நகர்த்த முடியுமா என்று கேட்டுவரப் போன அண்ணார், கால் மணி நேரத்தில் முகம் சிவந்து திரும்பினார். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை.

நிலா விஷயத்தில் அவருக்கு வெற்றிதான். பௌர்ணமியில் கூப்பிடமாட்டார், அன்று நிலா வெள்ளையடித்த சுவர்போல் சப்பென்று இருக்கும். வளர்பிறை ஏழாம், எட்டாம் நாளில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பள்ளமும் மேடும் நிழலோடு எழுந்து நிற்கும். அதைப் பார்த்து ‘ஐயோ’ என்று சொல்லாதவர் எங்கள் தெருவில் இல்லை. ‘ஐயோ’வுக்கு அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “நம்ம சந்திரயான் எறங்குனது தெரியுதுங்களா?” 70 மில்லிமீட்டர்க் கண்ணாடியில் நிலாவில் மூன்று கிலோமீட்டருக்குக் குறைவான எதுவும் தெரியாது. “நம்ம தாராபுரமே அங்க இருந்தாலும் ஒரு புள்ளியாத்தான் தெரியுங்க” என்று அண்ணார் விளக்குவார். கேட்டவர்கள் முகம் வாடிவிடும். உடனே, முதல் சந்திரயானின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர் என்பதை எடுத்துவிடுவார். “அங்க அடிக்கற அதே காத்துத்தானுங்க இங்கயும் அடிக்குது.” முகங்கள் மலர்ந்துவிடும்.

கல்யாண வீடுகளில் அவரைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். காரணம் அருந்ததி. ஆவணி முகூர்த்தம் ஒன்றில், காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை மண்டபத்துக் கூரையைப் பார்த்துக் கையை நீட்ட, பொண்ணும் பார்த்துத் தலையாட்ட, பந்திக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணார் நின்று, “இந்த மாசத்துல, இந்நேரத்துக்கு அருந்ததி தரைக்குக் கீழ இருக்குதுங்க. தை, மாசியில வெச்சிருந்தீங்கன்னா வானத்துலயாச்சும் இருந்திருக்கும்” என்றார். பொண்ணின் தாயார் பார்த்த பார்வை எந்தச் சனியின் பார்வைக்கும் குறைந்ததல்ல.

ஒரு வருஷம் இப்படிப் போனபிறகு, காசு கரைந்ததும் புத்தி வந்தது. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியதைக் கடைசியில் வாங்கினார்: ஒரு 10×50 பைனாகுலர். பத்து மடங்கு பெரிதாக்கும். முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். தாங்கி வேண்டாம், துருவம் வேண்டாம், இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துச் சாளை வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மல்லாந்து, முழங்கையை நெஞ்சில் ஊன்றிக்கொண்டால் கை நடுக்கமும் குறையும். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் அதில் கொட்டிய கற்கண்டு மாதிரி நிறைந்துவிடும். திருவாதிரைக்குத் தெற்கே, மூன்று நட்சத்திரக் கச்சைக்குக் கீழே, புகைபோல ஒரு மேகம் இருக்கிறது. நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். ஆடாமல் பிடித்தால் வியாழனின் நிலாக்கள்கூட ஓரத்தில் பொடிப்பொடியாகத் தெரியும். அருந்ததியும் வசிஷ்டரும் பக்கத்துப் பக்கத்தில் பளிச்சென்று நிற்பார்கள். அதைக் காட்டத்தான் யாரும் கூப்பிடுவதில்லை.

அமாவாசை ராத்திரியில், கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும் என்பதால், டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு உப்பாறு அணைப் பக்கம் போய்ப் படுப்பார். அமாவாசை, சிவப்பு வெளிச்சம், கட்டிலில் அசையாமல் ஓர் ஆள். புதையல் எடுக்க வந்தவரா, மாந்திரீகரா என்று ரோந்து போலீசுக்கே குழப்பம். சந்தேகம் தீர வியாழனைக் காட்டினார். ஏட்டையா விடியும்வரை போகவில்லை.

அதோடு அடங்கினாரா? ஜான் டாப்சன் என்றொரு வேதாந்த சந்நியாசியைப் பற்றி எங்கோ படித்துவிட்டார். பெய்ஜிங்கில் 1915-ல் பிறந்தவர். சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபு மடத்தில் 23 வருஷம் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, அட்டைக் குழாயில் பொருத்தி, மரப்பெட்டியில் உட்காரவைத்து, ராத்திரியில் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். மடத்து வேலையைவிட இதில் நாட்டம் அதிகம் என்று 1967-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். மலிவாகப் பெரிய தொலைநோக்கி செய்ய விரும்புகிற உலகத்தார் எல்லோருக்கும் இன்றைக்கு அவர் பெயரில்தான் வழி. அட்டைக் குழாய்க்கு அண்ணார் எங்கே போவார்? கடையில் எட்டு இஞ்ச் போர் கேசிங் பைப் இருந்தது. அதில் நாலடி நறுக்கி, ஆறு இஞ்ச் ஆடி வரவழைத்து, பிளைவுட் பெட்டியில் வைத்து மொட்டைமாடியில் நிறுத்தினார். தெருவே வந்து பார்த்தது.

“ஏனுங்ண்ணா, போரு மேல பாத்துப் போடறீங்களா?”

“தண்ணி எத்தன அடியில வந்துச்சுங்க?”

தண்ணீர் உண்மையிலேயே வந்தது. அதுதான் விஷயம். புது டெலஸ்கோப் வாங்கினால் மேகம் கூடவே வரும் என்று வானம் பார்க்கிறவர்களிடம் உலகம் முழுக்க ஒரு புலம்பல் உண்டு. முதல் நாள் காட்சிக்குத் தெருவில் சொல்லி, சுண்டல் அவித்து, நாற்காலி போட்டார். ஏழு மணிக்கு இடி. ஏழேகாலுக்கு நாற்காலிகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஜனம் ஓடியது. அடுத்த வாரம் தேதி வைத்தார், அன்றும் கொட்டியது. மூன்றாவது தடவை குழாயைப் படியேற்றும்போதே தூறல். வானிலை அறிக்கையில் கண்ட மழைதான், இவருக்காகப் பெய்ததல்ல. நானே எல்லோரிடமும் எடுத்துச் சொன்னேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தபோது மூலனூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மரியாதையாக நின்றார்கள்.

“குழாய் வெச்சிருக்கறது நீங்கதானுங்களா? ஒரு நாளைக்கு எங்க தோட்டத்துப் பக்கம் எடுத்துட்டு வரோணுமுங்க. வண்டி நாங்களே அனுப்பறோம். சாப்பாடும் அங்கயே.”

அண்ணாருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் தானாக வந்து அவரை முதல் முறையாக ஒருவர் அழைக்கிறார். எந்தக் கோள் பார்க்க ஆசை, எத்தனை பேர் வருவார்கள், சுற்றிலும் விளக்கு உண்டா என்று சரமாரியாகக் கேட்டுக்கொண்டே பைனாகுலரைத் துடைக்க ஆரம்பித்தார். பெரியவர்களில் மூத்தவர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

“வெங்காயம் காயுதுங்க தம்பி. போன வருஷம் கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சோம், செலவுதான் ஆச்சு. இவரு குழாய எடுத்து வெளிய வெச்சாப் போதும்ங்கறாங்களே, நெசமுங்களா?”

நான் திரும்பிப் பார்த்தேன். கேசிங் பைப்பைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, அண்ணார் வாசலில் நின்றிருந்தார்.

“நெசந்தானுங்க” என்றேன்.