கைவிடப்பட்ட மருந்தின் சந்தை மதிப்பு

விற்பனையே இல்லாத சிறு உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தின் வருங்கால ஈட்டத்தைக் கணிப்பது பிறவாத பிள்ளைக்குச் சாதகம் எழுதும் கலையாகும். கிளாக்சோ ஸ்மித்க்ளைன் சோதித்துக் கைவிட்ட மறதிநோய் மருந்தான இன்டெபிர்டினை 50 லட்சம் டாலர் முன்பணத்துக்கு வாங்கிய ஆக்சோவன்ட், 2015 ஜூனில் பொதுப்பங்கு வெளியீட்டில், அதாவது பங்குகளை முதன்முறையாக மக்களுக்கு விற்றதில், 31.5 கோடி டாலர் திரட்டி, முதல் நாளிலேயே ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்பையும் எட்டியது. லாபமே இல்லாததால் விலைக்கும் லாபத்துக்குமான விகிதத்தைக் கணக்கிட வழியில்லை. வாங்கியோர் பெருந்தன்மையுடன் அதைக் குறையாகக் கருதவில்லை. 2017 செப்டம்பரில் மூன்றாம் கட்டச் சோதனை, அதாவது மருந்தை வெற்று மாத்திரையோடு பெருமளவில் ஒப்பிடும் இறுதித் தேர்வு, தோல்வியுறவே, பங்கின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ முக்கால் பங்கு சரிந்தது. நிர்வாகம் பின்னர் மரபணுச் சிகிச்சைக்குத் தாவி, நிறுவனத்தின் பெயரை இருமுறை மாற்றியது. அதற்குச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.