ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

ஐம்பது மெகாபிக்சல் என்று பீற்றி விற்ற போனில் எடுத்த படம் நாலு எம்பி. வங்கித் தேர்வு விண்ணப்பம் கேட்பதோ 200-க்கு 230 பிக்சல்; 20 கேபிக்குக் குறையக்கூடாது, 50-ஐத் தாண்டக்கூடாது. பவுடர் பூசி, வெள்ளைச் சுவர் தேடி நின்றதெல்லாம் இதற்குத்தான்.

பிரவுசிங் சென்டர் அண்ணன் பெயின்ட்டைத் திறந்து அகலத்தைக் குறைக்கிறார்: 52 கேபி. இன்னும் கொஞ்சம்: 18. "ஏத்துக்காதும்மா" என்று உதட்டைப் பிதுக்குகிறார்.

1992-இல் தரநிலையான ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுணுக்கங்களை முதலில் கழிக்கும். தரத்தை மேலும் இறக்கினால் கவனிப்பதையும் கழிக்கும். மூக்குத்தி மூக்கோடு கரைந்துவிடும், பரு மறைந்துவிடும். (பியூட்டி பார்லரில் இதற்குத் தனிக் காசு.)

கையெழுத்துக்கு 10 முதல் 20 கேபி. இடது பெருவிரல் ரேகைக்கு முகத்துக்குச் சமமாக 50 வரை. கைப்பட எழுதும் உறுதிமொழிக்கு மட்டும் தாராளமாக 100. ஆளைவிட வாக்குக்கு இருமடங்கு மரியாதை!

தேர்வு மைய வாசலில் ஹால்டிக்கெட்டைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்காணிப்பாளர் கேட்கிறார்: "இது நீதானாம்மா?"