தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது?

கே: பாகூர்தான் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறார்கள். அந்தப் பாகூரில் எங்கள் தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது?

ப: பஞ்சாயத்துத் தலைவரிடம். சரி, உங்கள் ஊர்த் தலைவர் யார்?
புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006-இல். அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-லேயே முடிந்துவிட்டது. 2006-இல் பிறந்த பிள்ளைக்கு ஓட்டுப் போடும் வயதே வந்துவிட்டது. பல்பு மாற்றவும், பங்காரு வாய்க்காலில் மண்டிய புதரை வெட்டவும் மனுவோடு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகப் படி ஏறுகிறார் விவசாயி. வார்டு உறுப்பினர் இருந்தால் அவரிடம் திண்ணையில் உட்கார்ந்தே கேட்டிருப்பார்.

கே: ஊர் உறுப்பினர் வந்து என்ன கிழித்துவிடப் போகிறார்?

ப: கீழூர் போய்ப் பாருங்கள். 1954 அக்டோபர் 18 அன்று அந்தச் சின்னக் கிராமத்தில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். பெரும்பாலோர் ஊர்மன்ற உறுப்பினர்கள். பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேர 170 ஓட்டு, எதிர்த்து 8.

கே: கிராமத்துக்கு நகரம் எப்போது தண்ணீர் தரும்?

ப: மாற்றிக் கேட்கிறீர்கள். புதுச்சேரி பாரதி பூங்காவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம், முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்ததன் நினைவுச் சின்னம். கொடுத்தது கிராமம்.