குடைச்சல் மாமா

அடையாறு காந்தி நகர், தி. நகர் உஸ்மான் ரோட்டுப் பின்தெரு, மயிலாப்பூர் லஸ் என்று எங்கே ஃபிளாட் வாங்கினாலும் லிஃப்ட், கார் பார்க்கிங்கோடு இப்படி ஒரு மாமாவும் சேர்ந்தே வருவார். வயது ஐம்பதைத் தொடும். பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி, ராத்திரியில் கிட்டார்.

கிட்டார் என்றதும் வாசிப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். திறப்பார். முகப்புத் தகட்டின் பதினோரு ஸ்க்ரூவையும் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, "ம்ஹும், இடம் போறாது" என்று பெருமூச்சு விட்டு, பதினொன்றையும் திரும்ப முடுக்குவார். அவர் ஒரு பாட்டை முழுசாக வாசித்து யாரும் கேட்டதில்லை. ஸ்க்ரூவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்.

இடம் எதற்கு என்று தப்பித்தவறிக் கேட்டுவிட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை காலி. ஃபெண்டர் கம்பெனி 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தபோது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு அளவெடுத்துக் குழி வெட்டியது. 1957-ல் கிப்சன் இறக்கிய ஹம்பக்கரிலோ இரட்டைச் சுருள். இரைச்சல் அடங்கும், நாதம் கனக்கும். ஆனால் ஆள் பருமன். பழைய குழியில் உட்காராது. ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் 50 டாலர் கிட்டார் கட்டை ஒன்றைத் தானே குடைந்து அதை உட்காரவைத்தார், அப்புறம் வாசித்து உலகத்தையே உலுக்கினார். மாமாவுக்கு இந்தக் கதையில் முதல் பாதி போதும்.

எடுக்க வேண்டியது ஒரு பிடி மரத்தூள். அதற்கு ரவுட்டர் வேண்டும். வைஃபை பெட்டி அல்ல, மரம் குடையும் மெஷின். எந்த ரவுட்டர் என்பதில்தான் மாமாவின் வாழ்க்கை நடக்கிறது. 1,300 வாட் பெரிய மெஷின் என்றால் கிட்டார் கட்டைமேல் நிற்காமல் சாய்ந்துவிடும். டிரெமல் என்றால் பூவேலைக்குத்தான் ஆகும், குழி வெட்ட மூச்சு போதாது. நடுவில் இருப்பது ட்ரிம்மர். கிச்சன் வேலைக்கு வரும் ஆசாரி சன்மைக்கா ஓரம் சீவுவாரே, அதேதான். மக்கீட்டாவா, போஷா? 530 வாட், நிமிஷத்துக்கு 30,000 சுற்றா? 550 வாட், 33,000 சுற்றா?

அதைத் தாண்டினால் காலெட், அதாவது வெட்டும் பிட்டை மெஷினில் இறுக்கிப் பிடிக்கும் வாய். கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் காலெட்டோடும் மெஷின் வருகிறது. கால் அங்குல பிட் இதில் நுழையாது. 6 மில்லி பிட் அதில் பிடிக்காது, சுற்றுகிற வேகத்தில் கழன்று பறக்கும். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று தாத்தா போட்ட சண்டையெல்லாம் பேரனிடம் இந்த 0.35-க்குள் குடிவந்துவிட்டது.

பிராட்வே பக்கம் ஒரு கடைக்குக் கூடவே போயிருந்தேன்.

"என்ன வேலைக்கு சார்?"

"கிட்டார்."

கடைக்காரர் பேனாவை மூடினார். "எவ்ளோ ஆழம் போகணும்?"

"பத்தொன்பது மில்லி. ஒரே தடவைல இல்ல, மூணு மூணு மில்லியா."

"ஏழு தடவை ஓட்டணுமா? பொறுமை இருக்கா சார்?"

மூன்று வருஷமாகப் பொறுமையைத் தவிர வேறெதையும் வாங்காத மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது?

விஷயம் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. மெஷினைவிட பிட் முக்கியம் என்பார், அது நிஜம். தலைமாட்டில் பேரிங் வைத்த பிட்டில் வெட்டும் பாகம் குட்டையாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால், பேரிங், குழிக்கு வழிகாட்டும் டெம்பிளேட்டைத் தொடுவதற்குள் பிட் முதல் சுற்றிலேயே அடிமரம்வரை இறங்கிவிடும். ட்ரிம்மரைக் குத்துவாட்டில் இறக்கவும் கூடாது. முதலில் டிரில்லால் பள்ளம் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் சீவ வேண்டும். இத்தனையும் அறிந்தவர், அறிந்ததோடு நின்றவர்.

மாமிக்கு இந்த விவகாரத்தில் திட்டமான அபிப்பிராயம் உண்டு.

"ஏன்னா, அந்தக் கிட்டார் நன்னாத்தானே இருக்கு? அதை எதுக்குக் குடையணும்?"

"மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்ன பண்ணினார்? ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி இருந்ததை அஞ்சாக்கி, எலெக்ட்ரிக் மாண்டலின்ல கர்நாடக சங்கீதத்தையே கொண்டுவந்துட்டார். வாத்தியத்தை மாத்தினாத்தாண்டி சங்கீதம் வளரும்."

மாமி காபி டபராவை நகர்த்தினாள். "மாத்திட்டு அவர் வாசிச்சார்."

மறுநாளே மெஷின் வந்துவிட்டது. கோபத்தில் வாங்கியதால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. நேரே கிட்டாரில் கை வைப்பாரா? மொட்டை மாடியில் எம்.டி.எஃப் பலகையில் ஒத்திகை. மூக்கில் மாஸ்க், கண்ணில் கண்ணாடி, காதில் பஞ்சு. சுவிட்சைப் போட்டதும் தெருநாய்கள் அத்தனையும் எழுந்து நின்றன. மூன்றாம் மாடி மாமி காயவைத்த ஜவ்வரிசி வடாம் காபிப்பொடி நிறத்துக்கு மாறியது. அசோசியேஷன் செயலாளர் மாடிக்கு ஓடி வந்தார், தூசியில் இரண்டு தடவை தும்மினார், சொல்ல வந்ததை மறந்து இறங்கிப் போனார்.

ஆனால் ஒத்திகைப் பலகையின் ஓரம் இருக்கிறதே, கன்னம்போல வழவழவென்று வளைந்திருந்தது. மாமி அதைத் தடவிப் பார்த்தாள். இரண்டு தரம் பார்த்தாள்.

"ஏன்னா, நம்மாத்துக் கொலுப்படி ஓரம் வருஷா வருஷம் புடவையைக் கிழிக்கறதே..."

அந்த நவராத்திரிக்குள் எங்கள் பிளாக்கில் ஒன்பது வீட்டுக் கொலுப்படிக்கும் ஓரம் வளைந்துவிட்டது. சுண்டல் வாங்கப் போன இடத்திலெல்லாம் பொம்மையை விட்டுவிட்டுப் படியைப் புகழ்ந்தார்கள். மாமா யாருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வடாம் மாமி வீட்டுக்கு ஊஞ்சல் பலகையையும் சேர்த்துச் சீவிக் கொடுத்தார்.

விஜயதசமியன்று கேட்டேன், "மாமா, மெஷின்தான் வந்தாச்சே, கிட்டார் என்னாச்சு?"

"இதுலயா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது கொலுப்படி மெஷின்டா. கிட்டாருக்குன்னு தனியா ஒண்ணு பார்த்துண்டிருக்கேன்."