ராமமூர்த்தி சான், தலையை ஆட்டாதீர்கள்!

நிஷி கசாய்,
டோக்கியோ.

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

"நான், நான் என்று நாலு பக்கம் எழுதுகிறான், விஷயம்தான் ஒன்றையும் காணோம்" என்று போன கடிதத்தைப் படித்துவிட்டு அப்பா சொன்னதாகத் தகவல் வந்தது. அதனால் இந்தக் கடிதத்தை டோக்கியோ நிருபர் ஒருவர் எழுதுகிறார். உங்கள் மகனை மிக நெருக்கத்தில் இருந்து கவனித்து வருபவர். நம்பலாம்.

முதலில் அம்மாவின் கேள்வி. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "அங்கே யாருடா தவறிப்போனது, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். யாரும் தவறவில்லை. கோட்டும் கறுப்பல்ல, கருநீலம். அம்மாவின் ஃபோனில் சார்ஜ் மிச்சம் பிடிக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பதன் விளைவு அது. ஆனாலும் கேள்வியில் நியாயம் உண்டு. வேலை தேடும் பருவத்தில் டோக்கியோ ரயிலில் ஏறினால், கல்லூரிக் கடைசி வருஷப் பிள்ளைகள் ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புப் பையோடு வரிசையாக நிற்பார்கள். துக்க வீட்டுக்குப் போடும் கறுப்பு இதைவிட அடர்த்தி என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நம் கண்ணுக்குப் பிடிபடும்.

வேலை போய்விட்டதோ என்று பதற வேண்டாம். உங்கள் மகன் வேறு கம்பெனிக்கு மாறப் பார்க்கிறார், அவ்வளவுதான். அதற்கு இங்கே "ரிரேகிஷோ" என்று ஒரு படிவம். அதன் மேல் மூலையில் போட்டோ ஒட்ட ஒரு கட்டம். உயரம் 36 முதல் 40 மில்லிமீட்டர், அகலம் 24 முதல் 30. மார்புக்கு மேல் தெரிய வேண்டும். விண்ணப்பிப்பவர் மட்டும் தனியாக இருக்க வேண்டும் என்றும் கட்டத்துக்குள்ளேயே அச்சடித்திருக்கிறார்கள். எந்தப் புண்ணியவானோ சம்சாரம், குழந்தைகளோடு ஒட்டி அனுப்பியிருப்பார் போல. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறான். அங்கே விண்ணப்பத்தில் போட்டோ வைத்தால், பாகுபாடு வழக்கு வந்துவிடுமோ என்று கம்பெனிக்காரர்கள்தான் பயப்படுவார்களாம்.

ஜப்பான்காரர்களும் சும்மா இருந்துவிடவில்லை. ஆண், பெண் என்று குறிக்கச் சொல்லும் கட்டம் எதற்கு என்று எதிர்ப்பு கிளம்பி, 2020-ல் பழைய மாதிரிப் படிவம் தேசியத் தர நிர்ணயத்திலிருந்து நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் தொழிலாளர் நல அமைச்சகம் புதிய மாதிரி ஒன்றை வெளியிட்டது. அதில் ஆணா பெண்ணா என்பதை விருப்பம் இருந்தால் எழுதலாம். கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பேரைக் காப்பாற்றுகிறாய், வீட்டிலிருந்து ஆபீசுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற கட்டங்களையும் எடுத்துவிட்டார்கள். ஒரு நாட்டு அரசாங்கமே கேட்க வேண்டாம் என்று முடிவு செய்த கேள்விகளைத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை அவர் காதில் போடவும்.

போட்டோ கட்டம் மட்டும் அசையவில்லை.

ஸ்டேஷன் வாசலில் போட்டோ பெட்டி இருக்கிறது. திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு பெண் குரல் எல்லாவற்றையும் சொல்லித்தரும். ஆயிரம் யென் சுமாருக்கு, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 600 ரூபாய்க்கு, வேலை முடிந்துவிடும். ஆனால் பெட்டியில் எடுத்த படம் பெட்டியில் எடுத்த மாதிரியே இருக்கும், நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று ஆபீசில் பயமுறுத்திவிட்டார்கள். எனவே ஸ்டுடியோ. செலவு எவ்வளவு என்பதை நிருபர் வெளியிடுவதற்கில்லை. அந்தப் பணத்துக்கு கும்பகோணத்தில் காதுகுத்துக்கே ஆல்பம் போட்டுவிடலாம்.

ஸ்டுடியோவிலிருந்து முன்கூட்டியே குறிப்பு வந்தது. முடியை மூன்று நாலு நாள் முன்பே வெட்டிக்கொள்ளுங்கள். அன்றைக்கே வெட்டினால் வெட்டின மாதிரியே தெரியும். பொடிக் கோடு போட்ட சட்டை வேண்டாம். திரையில் கோடுகள் அலை அலையாக நெளியும். முந்தின இரவு ஊறுகாய், அப்பளம் மாதிரி உப்பு அதிகமாகச் சாப்பிட்டால் முகம் வீங்கும். கடைசியாக, முகத்தை மழித்துக்கொண்டு வருவது நல்லது.

இங்கேதான் உங்கள் மகனுக்குப் பரம்பரை ரோஷம் வந்தது. ஒசாகா மாநகராட்சி நடத்திய மெட்ரோ ரயிலின் ஓட்டுநர்கள் இரண்டு பேர், தாடி மீசை வைத்ததற்காக வேலை மதிப்பீட்டில் மார்க் குறைத்தார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2019 ஜனவரியில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் அது சட்ட விரோதம் என்று சொல்லி, மாநகராட்சி 4,40,000 யென் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் மகன் மீசையைக் காப்பாற்றிவிட்டார். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கத்திரித்தார்கள். அப்பா வருத்தப்படும் அளவுக்கு இல்லை.

போட்டோ எடுத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருப்பதால், இந்த நாட்டில் உங்கள் மகனுக்கு ராமமூர்த்தி சான், அதாவது ராமமூர்த்தி அவர்கள், என்றுதான் பெயர். ஆபீஸ், ஆஸ்பத்திரி, வங்கி எங்கேயும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள், இவர் எழுந்து போகிறார். "ராமமூர்த்தி சான், முதுகை நிமிர்த்துங்கள்." "ராமமூர்த்தி சான், இரண்டு கையையும் லேசாக மடக்கித் தொடைமேல் வையுங்கள்." பட்டுக்கோட்டைத் தாத்தா காலமான பிறகு அப்பாவை இவ்வளவு உரிமையோடு யாரும் அதட்டியிருக்க மாட்டார்கள்.

கோட்டின் முதுகுப் பக்கத்தைத் துணி கிளிப்பால் இழுத்துப் பிடித்தார். முன்னால் தைத்துப் போட்ட மாதிரி, பின்னால் கொடியில் காய்கிற மாதிரி. மடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்தார். அது கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பியடித்து, தாடைக்குக் கீழே விழும் நிழலைப் போக்குமாம்.

பிறகு தலை. மோவாயைக் கொஞ்சம் உள்ளே இழுக்கச் சொன்னார். இழுத்தாயிற்று. வலது பக்கம் துளி திருப்பச் சொன்னார். திருப்பியாயிற்று. கேமராவுக்குப் பின்னால் போய் நின்று, "இப்படியே இருங்கள், சரியா?" என்றார். உங்கள் மகன் சரி என்று தலையை ஆட்டினார். நம்மூர் ஆட்டு: இடமும் வலமுமாக.

அந்த அம்மாள் திரும்ப வந்து தலையை விரல் நுனியால் நகர்த்தி நேராக்கினார். "சரியா?" மறுபடியும் ஆட்டு. இங்கே சரி என்றால் மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஏதோ பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவர் பாவம், நாற்காலி உயரம் சரியில்லையோ என்று ஏற்றினார், இறக்கினார். விளக்கு கண்ணைக் கூசுகிறதோ என்று தள்ளி வைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு, போதுமா என்று கேட்டதற்கும் இவர் அப்படியே ஆட்டினார். கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார். "ராமமூர்த்தி சான், தலையை ஆட்டாதீர்கள்" என்று சொன்ன மறுகணமே, இவர் சரி என்று ஆட்டுவதற்குள் கிளிக்.

எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, எது வேண்டும் என்று கேட்டார்கள். ஜப்பானில் 1995-லேயே புரிகுரா என்று ஒட்டுப்பட போட்டோ மிஷின் வந்துவிட்டது. பின்னாளில் வந்த மிஷின்கள் கண்ணைக் கோலிக்குண்டு மாதிரி பெரிதாக்கித் தருகிறவை. அந்த வழியில் வந்தவர்கள் ரீடச்சிங்கில் சும்மா விடுவார்களா? ஒரு தோள் இறங்கியிருந்ததை ஏற்றினார்கள். கலைந்த முடி நாலைந்தை அழித்தார்கள். தோலைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். நம்மூர்க் கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் கேட்காமலேயே செய்து, பத்தாம் வகுப்புப் படத்தில் இவரை ரோஸ் கலரில் அச்சடித்துக் கொடுத்தாரே, அது நினைவுக்கு வந்தது. வேண்டாம், இருக்கிற கலரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு தடவை வாயால்தான் சொன்னார்.

இந்தப் பேச்சு நடக்கும்போதே மோவாய் மச்சத்தை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளம் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு உறுதி செய்த மச்சம்! அதைச் சொல்லித் திரும்ப வைக்கச் சொன்னபோது, மச்சத்துக்கும் அரசாங்கச் சான்றிதழா என்று அந்த அம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

படங்கள் தபாலில் வருகின்றன. பின்பக்கம் பெயர் எழுதியிருக்கும். படிவத்திலிருந்து கழன்று விழுந்தால் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பது இங்கத்து வழக்கம். அதில் ஒன்றைக் கல்யாணத் தரகரிடம் கொடுக்கும்போது மாப்பிள்ளை பெயர் ராமமூர்த்தி அல்ல என்று அம்மா சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: வேலைக்கு அனுப்பும் போட்டோ மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பெண் வீட்டாரிடமும் அப்படி ஏதாவது கெடு உண்டா என்று தரகரிடமே கேட்டு எழுதவும். உண்டென்றால், மறுபடி ஸ்டுடியோவுக்குப் போகிற செலவு அப்பாவுடையது.

இப்படிக்கு,
உங்கள் டோக்கியோ நிருபர்