வாராத இசையின் மூலபாடம்: குறிஞ்சாக்கேணிச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியில் தேத்தண்ணிக் கடை வாங்கில் பின்னேரம் கூடும் நடுவயதுக்காரர்களை மேலோட்டமாகப் பார்ப்பவர், இவர்கள் பேசுவது மூன்றே விடயம் என்று முடிவுகட்டிவிடுவார்: நெல் விலை, மீன் விலை, அடுத்தவன் காணி எல்லை. நான்காவது ஒன்று உண்டு. இளையராஜாவின் பின்னணி இசை எப்போது வசனமில்லாமல், வெட்டில்லாமல், முழுசாக வெளிவரும் என்பது. முதல் மூன்றையும் பற்றித் திணைக்களங்கள் கோப்புக் கோப்பாக எழுதிவைத்திருக்கின்றன. நான்காவதைத் தொட ஒரு பல்கலைக்கழகமும் துணியவில்லை. அறிவுலகின் இந்த ஓட்டையை அடைப்பதே இவ்வாய்வின் நோக்கம். (அடைத்த கைக்கு ஒரு கலாநிதிப் பட்டம் நீட்டப்படுமானால் மறுக்கும் உத்தேசம் இல்லை.)

முதலில் வரைவிலக்கணம். ஆய்வுக்குரிய இனத்தை ‘எதிர்பார்ப்போர்’ என்க. இவர்களைச் சாதாரணப் பாட்டு ரசிகரோடு குழப்பிக்கொள்ளலாகாது. பாட்டு ரசிகர் படத்தில் பாட்டு வரும்போது நிமிர்ந்து உட்காருவார். எதிர்பார்ப்பவர் அந்த நேரம் பார்த்துத்தான் எழும்பி வெளியே போவார். பாட்டு எப்படியும் கசெட்டில் இருக்கிறது என்ற தைரியம். ஆனால் கதாநாயகி கதவைத் திறந்து, எதுவும் பேசாமல் நின்று, திரும்பிப் போகிற இடத்தில் அவர் கை உயரும். சுற்றியிருப்போர் வாய் மூடவேண்டும் என்பது அதன் பொருள். ஒரு வயலின் எழும். புல்லாங்குழல் ஒன்று வந்து சேரும். அவர் கண் மூடும். சரியாக அந்த வேளை பார்த்துக் கதாநாயகனின் தாய் “சாப்பிட வா ராசா” என்பாள். அப்போது அவர் முகத்தில் தோன்றும் துயரம், இனங்காண்பதற்குப் போதிய சான்று.

இத்துயரத்தை விளக்க மேல்நாட்டு உளவியல் உதவாது. நம்முடைய பதிப்பியல் உதவும். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி, பிரதிகளை ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றினார். மூலபாடம் எது, பாடபேதம் எது, பின்னால் எவரோ நுழைத்த இடைச்செருகல் எது என்று பிரித்தறிவது பதிப்பாசிரியர் வேலை. எதிர்பார்ப்போரும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் கொள்கைப்படி திரைப்படம் என்பது ஓர் இசைநூல், ஒளிப்பதிவு அதற்கு வரைந்த சித்திரம், வசனம் இடைச்செருகல். நாயகன் (1987) படத்துக்குப் பாலகுமாரன் எழுதிய வசனங்களை ஊரெல்லாம் பேசித் திரிந்தார்கள். எதிர்பார்ப்போர் அவற்றைக் கம்பராமாயணத்து வெள்ளிப்பாடல்களோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கின்றன, மூலத்தில் இல்லை, அவ்வளவே.

மூலபாடம் ஏன் வெளிவரவில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. எல்லாமே எரிச்சலூட்டும் அளவுக்கு நியாயமானவை. மௌன ராகம் (1986) இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த படம். பாட்டு ஐந்து, கூட்டினால் அரை மணித்தியாலம் தேறாது. எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கம் சிரமமில்லாமல் கொள்வது இருபது நிமிடமும் சொச்சமும். இரண்டு பக்கத்திலும் பாட்டுகள் சொகுசாக உட்கார்ந்துவிட்டன. இசைக் கம்பனிகள் பணம் கொடுத்து வாங்கியதும் பாட்டைத்தான்; படம் வருமுன்னே விற்கக்கூடிய சரக்கு அது. பின்னணி இசையோ எல்லாம் முடிந்தபின், படம் தியேட்டருக்குப் போகிற அவசரத்தில், ரீல் ரீலாக ஓடவிட்டுச் சேர்ப்பது. கோடம்பாக்கத்தார் அதை ரீரெக்கார்டிங் என்பார்கள். இளையராஜா காட்சியைப் பார்த்துவிட்டு, எந்த வாத்தியத்தையும் தொடாமல் தாளில் இசைக்குறிப்பை எழுதிக் கொடுப்பார்; கலைஞர்கள் அங்கேயே வாசிப்பார்கள். வாசித்தது வசனத்தோடும் காலடிச் சத்தத்தோடும் கலந்து படச்சுருளின் ஓரத்தில் ஏறும். ஏறியபின் தனி ஒலிநாடாவால் தயாரிப்பாளருக்கு என்ன பயன்? அலுமாரிக்குத்தான் இடைஞ்சல்.

நாற்பது ஆண்டளவாக இசையமைத்த பிரசாத் ஸ்டூடியோவை விட்டு 2020இல் இளையராஜா வெளியேறி, 2021 பெப்ரவரியில் கோடம்பாக்கத்திலேயே சொந்த ஸ்டூடியோ திறந்தபோது, பத்திரிகைகள் கலைஞரின் மனநிலையைப் பற்றி எழுதின. வாங்கில் எழுந்த கேள்வி வேறு: “பெட்டியெல்லாம் ஆரு மச்சான் தூக்கினது? எண்ணித் தூக்கினாங்களா?”

இங்கே ஓர் இடைக்குறிப்பு அவசியம். பின்னணி இசை தமிழில் வெளிவரவே இல்லை என்று எதிர்பார்ப்போர் சொல்வது கடைந்தெடுத்த வரலாற்றுப் பிழை. கதை வசனம் என்ற பெயரில் அது நெடுங்காலமாக வெளிவந்துகொண்டுதான் இருந்தது. வீரபாண்டிய கட்டபொம்மனும் (1959) திருவிளையாடலும் (1965) வசனமாகவே ஒலிபெருக்கிகளில் முழங்கின. அந்த முழக்கத்துக்கு அடியில் முன்னதில் ஜி. ராமநாதனும் பின்னதில் கே. வி. மகாதேவனும் இருந்தார்கள், கவனித்தவர் யார்? ஷோலே (1975) வந்தபோது பாலிடோர் கம்பனி வசனத் தட்டுப் போட்டு, கப்பர் சிங்கின் குரலை வட இந்தியா முழுக்க விற்றது. ஆர். டி. பர்மன் கூடவே இலவசமாகப் போனார். விதி (1984) படத்தின் நீதிமன்ற வாதங்கள் தமிழ்நாட்டில் கலியாண வீட்டு ஒலிபெருக்கியில்கூடக் கேட்டன. பெண்ணை ஏமாற்றிக் கைவிட்டவன் கதையை மாப்பிள்ளை பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது போடுவது எவ்வகை மங்கலம் என்பது தனி ஆய்வுக்குரியது. நமக்கு வேண்டியது இவ்வளவு: மேலே நடிகை சுஜாதாவின் வாதம், கீழே சங்கர் கணேஷ். மூலபாடம் இடைச்செருகலின் முதுகில் ஏறி ஊர் சுற்றியிருக்கிறது.

இனி நமது களம். குறிஞ்சாக்கேணியாருக்கு இந்த இசை வந்து சேர்ந்த வழியில் தியேட்டருக்குப் பங்கு குறைவு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலை நகரத்துக்குப் போவதென்றால் துறையைக் கடக்கவேண்டும். யுத்தகாலம் இரவுப் பயணத்துக்கு ஏற்றதுமல்ல. ஆகவே படம் ஊருக்கு வந்தது. டெக்கும் டீவியும் வாடகைக்கு, கரண்டுக்கு ஜெனரேட்டர், முற்றத்தில் பாய், ஓர் இரவுக்கு மூன்று நான்கு படம். ஊக்கமுள்ள ஒருவர் டீவிக்கு முன்னால் ரேடியோ கசெட்டை வைத்து ரெக்கோட் பட்டனை அமத்துவார். இப்படிப் பிறந்தவையே குறிஞ்சாக்கேணிச் சுவடிகள்.

ஜானி (1980) படத்துக்கான சுவடிகளை ஒப்புநோக்கினால், ‘க’ பிரதியில் சிதார் எழும் இடத்தில் ஒரு பிள்ளை அழுகிறது. ‘ச’ பிரதியில் அழுகை இல்லை. யாரோ ஒருவர் “லைட்ட நூருங்க” என்கிறார். இரண்டுக்கும் வயதில் மூத்த ‘த’ பிரதியில் அழுகையும் இல்லை, ஆளும் இல்லை, அவ்விடத்தில் இசையும் இல்லை. கசெட் முடிந்து மறுபக்கம் திருப்பியிருக்கிறார்கள். எல்லாப் பிரதிக்கும் பொதுவாக அடியில் ஒரு நீண்ட ரீங்காரம் ஓடுகிறது. இது இசையமைப்பாளர் திட்டமிட்டு வைத்த ஆதார சுருதி என்பது ஒரு சாரார் வாதம். முற்றத்து ஜெனரேட்டர் என்பது ஆலங்கேணிப் பக்கத்து மறுசாரார் வாதம். எண்ணெய் குறையக் குறையச் சுருதியும் இறங்குவதால் மறுசாரார் பக்கம் சான்று வலுவாக இருக்கிறது. ஆயினும் முதற்சாரார் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ரீங்காரம் இல்லாத ஜானியைப் பிற்காலத்தில் டி.வி.டி.யில் கேட்ட ஒரு நானா, “என்னமோ குறையுது” என்று சொல்லிப் பாதியில் நிறுத்தியது கள ஆய்வில் பதிவாகியுள்ளது.

விரிவாக்கப் பதிப்பு என்ற கருத்தையும் இம்மரபு தன் வழியில் கண்டடைந்திருக்கிறது. பெட்டரி இறங்கினால் கசெட் மெதுவாகச் சுற்றும். நாலு நிமிட இசை நாலே முக்காலாகும், வயலின் செல்லோவாகும், எஸ். ஜானகி கே. ஜே. யேசுதாஸை நோக்கி நகர்வார். வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்ட பெட்டரி முதற்பாதியைத் துரத்திக்கொண்டும் பிற்பாதியை இழுத்துக்கொண்டும் போகும். வடக்கில், மின்சாரமில்லாத தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டார்கள். அங்கே காலப்பிரமாணத்தை நிர்ணயித்தது சுழற்றியவரின் தோள்மூட்டு. ஒரே இசையமைப்பாளரின் ஒரே இசைக்கு இத்தனை நீளங்கள் இருக்க, ‘முழு நீளம்’ என்று எதைக் கேட்கிறார்கள் என்ற வினாவை எதிர்பார்ப்போரிடம் வைத்தோம். தேத்தண்ணி ஆறியது, விடை வரவில்லை.

தெலுங்கு மரபையும் சொல்லியாக வேண்டும். மொழிமாற்றம் செய்யும் படத்துக்கு வசனம் நீக்கிய, இசையும் சத்தங்களும் மட்டும் கொண்ட ஒலித்தடம் தேவை. நாயகன் தெலுங்குக்குப் போனது, தளபதியும் (1991) போனது. ஆகவே வசனமற்ற மூலம் எங்கோ ஒரு ஹைதராபாத் அலுமாரியில் இருக்கவேண்டும் என்பது இம்மரபினரின் நம்பிக்கை. அது கிடைக்கும்வரை அவர்கள் செய்யும் ஏற்பாடு வேறு: தெலுங்குப் படத்தையே பார்ப்பது. வசனம் விளங்காது, விளங்காத வசனம் இன்னொரு வாத்தியம். இடைச்செருகலை நீக்க முடியாவிட்டால் அதன் பொருளை நீக்கிவிடும் இந்த உபாயம் சாமிநாதையருக்கும் தோன்றாதது.

மேல்நாட்டில் நிலைமை சற்று மேல். அங்கே இசைக்கலைஞர் சங்கம் தட்டுக்குத் தனிக் கூலி கேட்டதால், பழைய படங்களின் இசைத்தட்டுகள் பெரும்பாலும் அரை மணித்தியாலத்தோடு நின்றன. ஜான் வில்லியம்ஸின் ஜாஸ் (1975) இசைத்தட்டில் இருந்தது படத்தில் ஒலித்த பதிவே அல்ல, தட்டுக்கென்று மறுபடி வாசித்தது. படத்தின் அசல் பதிவு வெளிவர 2000 ஆனது. ஒரு சுறாவுக்காகக் கால் நூற்றாண்டு காத்திருந்திருக்கிறார்கள். 1977இல் இரட்டைத் தட்டாக வந்த ஸ்டார் வார்ஸுக்கே போதாது என்று 1997இல் மேலும் நீட்டிய பதிப்பு வந்தது. இன்று இன்ட்ராடா, லா-லா லேண்ட் போன்ற கம்பனிகள் இதையே தொழிலாக நடத்துகின்றன. பழைய நாடாவைத் தேடி எடுத்துத் துடைத்து, படத்தில் பயன்படாமல் போன துண்டையும் சேர்த்து, கனத்த சிறுநூலோடு, பெரும்பாலும் சில ஆயிரம் பிரதி மட்டும். எல்லாம் கையில் கிடைத்த அந்நாட்டு ரசிகர் இப்போது ஒலி மெருகேற்றிய விதம் சரியில்லை என்று சண்டை பிடிக்கிறார். இதிலிருந்து பிறக்கும் சூத்திரம்:

வாராத இசையே வழுவிலா இசையாம்.

என்பது, வெளிவராத பின்னணி இசையில் யாரும் பிழை காண்பதற்கில்லை என்றவாறு. ஏகாரம் தேற்றம்.

இச்சூத்திரத்துக்குப் புறனடை இரண்டு, இரண்டும் சுவையானவை. பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர் என்பதால் கிழக்கு மாகாண ஆய்வாளருக்கு அவரைக் கடந்து போக மனம் வராது. அவர் வீடு (1988) எடுத்தபோது, இளையராஜா 1986இல் தனி இசைத்தொகுப்பாக வெளியிட்ட ஹௌ டு நேம் இட் இசையையே படத்துக்குப் பின்னணியாக வைத்தார். இங்கே தட்டு முந்தியது, படம் பிந்தியது. உரை எழுதியபின் மூலம் பிறந்த கதை. எதிர்பார்ப்போர் இப்படத்தின் முன் நிலைகுலைகிறார்கள், ஏனெனில் எதிர்பார்க்க எதுவுமில்லை. மற்றையது மிஷ்கினின் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் (2013). பாட்டே இல்லாத படம். எழுத்தோட்டத்தில் ‘பின்னணி இசை’ என்று போடாமல் ‘முன்னணி இசை’ என்று போட்டார்கள். அந்த இசை மட்டும் தனித்தொகுப்பாக வெளிவந்தது. முப்பதாண்டுக் கோரிக்கை நிறைவேறிய நாள். வாங்கில் தொகுப்பு ஓடியது. எவரும் பேசவில்லை. முடிந்ததும் ஒருவர், நல்லாத்தான் இருக்கு என்றும், ஆனால் அந்த ஓடுற சத்தம், துவக்குச் சத்தம் எல்லாத்தையும் எடுத்துப்போட்டாங்களே என்றும் முறையிட்டார்.

கடைசியாகச் சந்தை நிலவரம். எதிர்பார்ப்பு இவ்வளவு பலமாக இருந்தும் கம்பனிகள் அசையாதிருப்பது ஏன் என்று கேட்போர், இலங்கையின் ரெக்கோடிங் பார் பண்பாட்டை அறியாதவர். கசெட் காலத்தில் ஊருக்கு ஒருவர் இசைத்தட்டு வாங்குவார். மற்றவர் வெற்றுக் கசெட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு நாள் கழித்து எடுப்பார்கள். அவர்களிடமிருந்து மிச்ச ஊர் கொப்பி எடுக்கும். ஆகவே மௌன ராகம் முழுப்பதிப்பு நாளை வெளிவருமானால் குறிஞ்சாக்கேணியில் அதன் மொத்த விற்பனை ஒன்று. அந்த ஒன்றையும் லண்டனிலோ டோஹாவிலோ இருக்கும் மச்சான் வாங்கி அனுப்பவேண்டும் என்று ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. கம்பனி கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: தட்டு ஒன்று போதும், கூட வரும் சிறுநூல் மட்டும் இரண்டாக இருக்கட்டும். முதலில் வாசிக்க வாங்கிப் போகிறவர் அதைத் திருப்பித் தரமாட்டார். அவர் யார் என்றும் வாங்கில் எல்லாருக்கும் தெரியும்.